சிவப்புக் காயும் பச்சைக் கீரையும்

அத்தியாயம் 11

பிலோமியும் செல்லம்மாவும் பேசிக்கொள்வதில்லை என்று போன வாரம் சொன்னது முழு உண்மை இல்லை. பேசிக்கொள்ளாமல் இருந்திருந்தால் கல்மண்டபத்துச் சந்து நிம்மதியாக இருந்திருக்கும். பிலோமி மாடியில் நிற்பாள். செல்லம்மா தெருவில் நிற்பாள். பேச்சு நடுவானத்தில் நடக்கும்.

பிலோமியின் மகன் ஜெரியும் செல்லம்மாவின் மகள் உதயாவும் இரண்டு வீட்டுக்கும் சொல்லாமல் ரெஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்ட அன்று ஆரம்பித்தது இது. "அந்த மாதாகோயில்காரி வூட்டுப் படிய நான் மிதிச்சா கேளு" என்று செல்லம்மா காசிமேட்டு மீன் சந்தை நடுவே சபதம் போட்டாள். சொன்ன சொல் தவறவில்லை. ஒரு படி ஏறியதில்லை.

இப்போது உதயாவுக்கு ஏழாம் மாதம். ஒட்டிப்போன கன்னம், வெளுத்துப்போன நகம். போன மாதம் டாக்டர் அனிஷா சொன்னது நினைவிருக்கும்.

"ரத்தம் எட்டரைதான் இருக்கு. அடுத்த டெஸ்ட்ல பத்தாவது வரணும். இல்லைன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து ஏத்த வேண்டியதுதான். மாத்திரைய விடாதீங்க. ஈரல், மீனு, கீரை, நல்லா குடுங்க."

ஈரலுக்கும் மீனுக்கும் வழியில்லை. மீன்காரி பெற்ற மகளுக்கு, மூன்று வீடு தள்ளி மீன் வறுத்தாலே குடல் வெளியே வந்துவிடும் போலிருக்கிறது. ஆக எல்லா பாரமும் காய்கறி தலையில் விழுந்தது. எந்தக் காய் என்பதில்தான் சண்டை.

"பீட்ரூட்டுதான்" என்றாள் பிலோமி மாடியிலிருந்து. "அறுக்கும்போதே கையெல்லாம் ரத்தமா ஒட்டுதே, உள்ள போனா ஒட்டாதா?"

"கலரு பாத்து ரத்தம் ஊறும்னா மருதாணிய அரைச்சுக் குடேன்" என்றாள் செல்லம்மா தெருவிலிருந்து. "முருங்கைக்கீரைக்கு ஈடு இன்னா கீது? எங்க வூட்டாண்ட மரமே கீது. தினம் ஒரு கட்டு குடுத்தனுப்பறேன், என் பொண்ணு துன்னட்டும்."

"ஆட்டுக்குப் போடற தழைய என் மருமவளுக்குப் போடுவியா?"

"தோ பாரு சம்பந்தியம்மா. அடுத்த டெஸ்ட்ல பத்து வரல, அன்னிக்கே என் பொண்ண என் வூட்டுக்கு இட்டுகினு பூடுவேன். கொய்ந்த பொறக்கற வரிக்கும் உன் மூஞ்சிய பாக்க மாட்டா."

"வந்துட்டா?"

"வந்துட்டா என் பொண்ணு இங்கியே இருக்கட்டும். நான் வாய மூடிக்கறேன்."

இதில் பின்பாதியைத் தெருவில் ஒருவரும் நம்பவில்லை.

அந்த டெஸ்ட் இன்றைக்கு. வெள்ளிக்கிழமை.

---

"அத்தே!"

குளியலறையிலிருந்து வந்த குரலில் பிலோமி கையிலிருந்த சீப்பைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"இன்னாமா? வழுக்கிட்டியா?"

"அத்தே... செவப்பா போவுது அத்தே."

கதவு திறந்தது. உதயா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிலோமி எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கானில் ரோஜா நிறத்துத் தண்ணீர்.

"சேசுவே..."

மருமகளைத் தோளில் சாய்த்துக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு மாடிச் சுவரண்டை ஓடினாள். கீழே செல்லம்மாவின் மகன் டில்லிபாபு ஆட்டோவை நிறுத்தியிருந்தான். பின் சீட்டில் செல்லம்மா, மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு, தீர்ப்பு கேட்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"செல்லம்மா! மேல வா! பொண்ணுக்கு ரத்தம் போவுது!"

கீரைக்கட்டு எங்கே விழுந்தது என்று செல்லம்மாவுக்குத் தெரியாது. படிகளை எப்படி ஏறினாள் என்றும் தெரியாது. அடுத்த நொடி செருப்புக் காலோடு அந்த வீட்டின் நடுவில் நின்றாள்.

"உதயா! எம்மா! வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லமா. பயமா கீது."

"நீ ஒரு பக்கம் புடி" என்றாள் பிலோமி.

"புடிச்சுகினுதான் கீறேன். நீ படிய பாத்து எறங்கு."

இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளாக உதயாவை இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஜெரிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஹார்பருக்குள் வேலையிலிருப்பவன் எங்கே எடுக்கப்போகிறான்? பிலோமி வீட்டைப் பூட்டவில்லை. காலில் செருப்பும் இல்லை.

---

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தது.

கூட்ஸ் வண்டி. நிலக்கரி ஏற்றிய வண்டி. அது எங்கே ஆரம்பித்தது, எங்கே முடியும் என்று தெரியாமல் பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னால் இரண்டு கன்டெய்னர் லாரி. பின்னால் வரிசையாக வண்டிகள். டில்லிபாபு ஹாரனை விடாமல் அடித்தான்.

"டேய், ஹாரன் அடிச்சா ரயிலு ஒதுங்கிக்குமாடா?" என்றாள் செல்லம்மா.

"இன்னா பண்ண சொல்ற? கை சும்மா இருக்க மாட்டேங்குதுமா."

உதயா நடுவில். இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாமியார்.

"எல்லாம் உன்னாலதான்" என்று செல்லம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அந்தப் பீட்ரூட்டு சூடு. ஒடம்புல ஒண்ணுமில்லாத பொண்ணுக்கு எவ்ளோ குடுத்த?"

"நேத்துதான் கொஞ்சம் சாஸ்தி." பிலோமியின் குரல் தாழ்ந்துவிட்டது. "காலைல ஜூஸு. மத்தியானம் பொரியலு. ராத்திரிக்கு கட்லெட்டு."

"மூணு வேளையா?"

"இன்னிக்கு டெஸ்ட்டாச்சே... ஒரு புள்ளியாவது ஏறுமேன்னு..."

பரீட்சைக்கு முந்தைய நாள் மொத்தப் புத்தகத்தையும் படிக்கிற பிள்ளை மாதிரி, பிலோமி ஒரே நாளில் முக்கால் கிலோ பீட்ரூட்டை மருமகளுக்குள் இறக்கியிருந்தாள்.

"கொய்ந்தைக்கு ஏதாவது ஆச்சு..." செல்லம்மா ஆரம்பித்தாள்.

"செல்லம்மா, இப்போ திட்டாத. அப்புறமா எவ்ளோ வேணா திட்டு. நான் நின்னு வாங்கிக்கறேன்."

பிலோமியின் ஒரு கையில் ஜெபமாலை. இன்னொரு கை உதயாவின் வயிற்றின் மேல். செல்லம்மாவும் கையை அங்கேயே கொண்டுபோய் வைத்தாள். மீன் அரிந்து அரிந்து காய்த்துப்போன கை, பீட்ரூட் சாயம் ஏறிய விரல்களின் மேல் பட்டது. எடுக்க இடமில்லை. இருவரும் எடுக்கவும் இல்லை.

உள்ளேயிருந்து ஓர் உதை.

"உதைச்சுதா?" என்றாள் பிலோமி.

"உதைச்சுது" என்றாள் செல்லம்மா.

"எனக்கும் தெரிஞ்சுது" என்றாள் உதயா. கண்ணீரோடு சிரிப்பு வந்தது அவளுக்கு. "என் வவுறுதானே!"

கேட் திறந்தது.

---

டாக்டர் அனிஷா சின்ன வயது. வேகமான கை, நிதானமான முகம். உதயாவைப் படுக்க வைத்து, கருவியை வயிற்றில் வைத்தாள். குதிரை ஓடுகிற மாதிரி டக்டக்கென்று குழந்தையின் இதயம் அறை முழுக்கக் கேட்டது. பிறகு ஒரு டப்பாவைக் கொடுத்துச் சிறுநீர் எடுத்துவரச் சொன்னாள். ஒரு சோதனைப் பட்டையை அதில் தோய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

உதயா வாயைத் திறக்குமுன் பிலோமி முன்னால் வந்து நின்றாள். "அவள ஒண்ணும் கேக்காதீங்க டாக்டர். குடுத்தது நானு. பீட்ரூட்டு. மூணு வேளையும் பீட்ரூட்டு."

டாக்டர் பட்டையைப் பார்த்தாள். பிலோமியின் சிவந்த விரல்களைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது ரத்தம் இல்லைமா. பீட்ரூட் சாயம்!"

"இன்னாது?"

"சிலருக்கு இப்படித்தான் சாயம் அப்படியே வெளிய வரும். ரத்தம் குறைஞ்சவங்களுக்கு இன்னும் அதிகமா வரும். குழந்தை நல்லா இருக்கு. நீங்க வந்ததும் சரிதான், பயந்தா உடனே வந்துடணும், வீட்டுல உக்காந்து யோசிக்கக் கூடாது. போய் ரத்தம் குடுத்துட்டு வாங்க. இன்னிக்கு டெஸ்ட் இருக்கில்ல?"

பிலோமி பக்கத்துச் சுவரில் சாய்ந்து, சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செல்லம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாசலில் நின்ற டில்லிபாபுதான் முதலில் பேசினான்.

"பீட்ரூட்டுக்காவா நான் ரெண்டு சிக்னல தாண்டினேன்?"

ரிப்போர்ட் வர நேரமானது. வந்தபோது டாக்டர் தாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"பத்து. நல்லா ஏறியிருக்கு. பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இப்போ வேணாம். இப்படியே போச்சுன்னா பிரசவம் இங்கேயே பாத்துக்கலாம்."

"பத்தா!" பிலோமி எழுந்துவிட்டாள். "பாத்தியா செல்லம்மா! கலரு கலருன்னு கிண்டல் பண்ணியே. என் பீட்ரூட்டு!"

"அப்படி மொத்தமா எடுத்துக்காதீங்க" என்றாள் டாக்டர். "முக்கால்வாசி வேலை மாத்திரை செஞ்சது. அப்புறம், பீட்ரூட்ல இரும்புச்சத்து கம்மிதான். அது செவப்பா இருக்கறதுக்கும் ரத்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இரும்புன்னு பாத்தா முருங்கைக்கீரைல அஞ்சு மடங்கு இருக்கும். சுண்ணாம்புச்சத்துல பீட்ரூட் கிட்டவே வர முடியாது. குழந்தை எலும்புக்குக் கீரைதான்."

செல்லம்மா நிமிர்ந்த நிமிர்வில் அறையின் கூரை இடித்திருக்கும்.

"அஞ்சு மடங்கு! கேட்டியா சம்பந்தியம்மா? ஆட்டுத் தழைன்னியே!"

"பொறுங்க, இன்னும் முடிக்கல" என்றாள் டாக்டர். "ரத்தம் ஊற இரும்பு மட்டும் பத்தாது. ஃபோலிக் ஆசிட்னு ஒரு சத்து வேணும். கர்ப்பிணிக்கு ரொம்ப முக்கியம். அது கீரையவிட பீட்ரூட்ல ரெண்டு மடங்கு இருக்கு. அதனால ரெண்டு பேரும் சண்டை போடாம ரெண்டையும் குடுங்க. மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுங்க, இரும்பு நல்லா உடம்புல சேரும். சாப்பிட்ட உடனே டீ மட்டும் வேணாம்."

"ரெண்டையுந்தான் குடுத்துகினு கீறோமே டாக்டர்" என்றாள் செல்லம்மா பெருமையாக. "காயி அவங்க. கீரை நானு. இல்லடி உதயா?"

உதயா தரையைப் பார்த்தாள்.

"இன்னாடி?"

"மா... திட்டாத. நீ குடுத்தனுப்பற கீரை எனக்கு சேரலமா. அந்த வாடைக்கே வாந்தி வந்துச்சு. அத்த கடைக்குப் போற நேரத்துல, கீழ்வூட்டு ரெஜினாக்கா ஆட்டுக்கு, மேல இருந்து கூடைல எறக்கிடுவேன்."

"எல்லாத்தியுமா?"

"எல்லாத்தியும்."

விடியலில் மீன் ஏலத்துக்குப் போகுமுன் செல்லம்மா தொரட்டி எடுத்து ஒடித்த கிளைகள். பனியில் நனைந்த புடவை. மகளை முறைக்கக்கூட முடியவில்லை. எழுந்து வெளியே நடந்தாள்.

---

தாழ்வாரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் பிலோமி வந்தாள். கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள். டில்லிபாபு வாங்கிவந்த டீயை இருவர் கையிலும் திணித்துவிட்டுப் போனான். பிலோமி தன்னுடையதைக் கீழே வைத்தாள்.

"குடி" என்றாள் செல்லம்மா, முகத்தைத் திருப்பாமல்.

"இன்னிக்கு ஒருசந்தி. ஒரு வேளைதான் சோறு. அதுவும் பூசைக்குப் போய்ட்டு வந்து."

"யாருக்கு வேண்டிகினு?"

"வேற யாருக்கு? உன் பொண்ணுக்குத்தான். பத்து வரணும்னு."

செல்லம்மா இப்போது திரும்பினாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, செருப்பில்லாமல், தலை சீவாமல் ஓடிவந்தவளை முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தாள். இத்தனை நாளும் அண்ணாந்தே பார்த்த முகம்.

"நீ ஜெயிச்சுட்ட" என்றாள். "என் கீரைய ஆடு துன்னுச்சு. உன் காயி என் பொண்ண காப்பாத்துச்சு. நான் வாய மூடிக்கறேன்."

"ஆடு துன்னது காம்ப" என்றாள் பிலோமி.

"இன்னாது?"

பிலோமி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"முத வாரமே ரெஜினா சொல்லிட்டா. 'உன் மருமவ புண்ணியவதி, எங்க ஆட்டுக்கு தினம் கீரை போடறா'ன்னு. நான் சொன்னேன், 'காம்பு உன் ஆட்டுக்கு, எலை எனக்கு. எலைய உருவி எடுத்து வைய்யி, அவளாண்ட மூச்சு வுடாத'ன்னு. அதுலேர்ந்து அந்த ஆடு என்னக் கண்டா முட்ட வருது."

"எலைய வெச்சு நீ இன்னா பண்ண?"

"மொட்டமாடில காயவெச்சா கீரை மேல ஹார்பர் கரித்தூளுதான் படியும். அத்தொட்டு என் கட்டிலுக்கடில வேட்டித் துணி விரிச்சு நெழல்ல காயவெச்சேன். பொடியாக்கி சலிச்சு, டப்பால போட்டேன். பச்சையா இருக்கற வாடை பொடியில இல்ல. பீட்ரூட்ட வேவவெச்சு, உருளக்கெயங்கு பெசஞ்சு, இஞ்சி போட்டு, அதுக்குள்ள ரெண்டு கரண்டி உன் கீரை. கட்லெட்டு. மேல எலுமிச்சம்பழம். தினம் ராத்திரி மூணு துன்னா உன் பொண்ணு. இன்னொண்ணு கீதான்னு கேட்டா."

செல்லம்மா டீயை மறந்துவிட்டாள்.

"ஒரு மாசமாவா?"

"ஒரு மாசமா."

"மேல நின்னுகினு ஆட்டுத் தழைன்னு என்ன ஏசினியே, அப்பவும்?"

"அப்பவும் கட்டிலுக்கடில உன் தழைதான் காஞ்சுகினு இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ தெருவுல நின்னு கத்துவ. அவ காதுல வுழும். அப்புறம் கட்லெட்டும் ஆட்டுக்குப் போவும்." பிலோமி ஜெபமாலையை விரலில் சுற்றினாள். "அதோட... உள்ள டாக்டர் பத்துன்னு சொன்னப்போகூட சொல்லலாம்னு வாய் வரிக்கும் வந்துச்சு. என் பீட்ரூட்டு பேரு கெட்டுப்பூடுமேன்னு வுட்டுட்டேன்."

செல்லம்மா அவளையே பார்த்தாள். சந்தையில் எத்தனையோ கெட்டிக்காரிகளைப் பார்த்தவள். ஐஸில் வைத்த மீனை அப்போதுதான் கரையேறியது என்று விற்றுவிடுபவர்கள். தன் சரக்கை உயர்த்திப் பேச எல்லோருக்கும் தெரியும். எதிராளியின் சரக்கை வாயால் திட்டிக்கொண்டே, இலை இலையாக உருவி, ஒரு நாள் தவறாமல் மகள் வாயில் சேர்த்த ஒருத்தியை அவள் பார்த்ததில்லை.

"கில்லாடிடீ நீ" என்றாள். மரியாதை விட்டுப்போனதை இருவரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் காட்டிக்கொள்ளவில்லை.

"அந்தக் கட்லெட்டு எனக்கும் ரெண்டு குடேன். ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காத. ரொட்டித்தூளுல பொரட்டுவியா, முட்டைலயா?"

"வூட்டுக்கு வந்து பாரு."

"உன் வூட்டுக்கா? நான் படி ஏறமாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல."

பிலோமி சிரித்தாள். இன்றைக்கு முதல் தடவையாக.

"காலைல ஏறினியே. செருப்பக்கூட கழட்டல. என் நடுவூடெல்லாம் மீன் செதிலு."

செல்லம்மா யோசித்தாள். படி, கதவு, கட்டில் எல்லாம் மெல்ல ஞாபகம் வந்தது. சந்தை நடுவே போட்ட சபதம் எந்தப் படியில் விழுந்து உடைந்தது என்று மட்டும் ஞாபகமில்லை.

"அய்ய! ஆமால்ல?"

---

திரும்பும்போது கேட் திறந்தே இருந்தது. டில்லிபாபு சாவகாசமாக ஓட்டினான். உதயா நடுவில், இரண்டு தோளிலும் மாறி மாறிச் சாய்ந்துகொண்டாள்.

"அத்தே, நான் எங்கியும் போவ வேணாமில்ல? உங்களோடயே இருக்கலாம்ல?"

"உங்கம்மாவக் கேளு."

"இரு. யாரு வேணான்னது?" என்றாள் செல்லம்மா. "நாளைலேர்ந்து நான் காலைல வந்து பாத்துக்கறேன். மேலயே வரேன்."

உதயா அம்மாவைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

"கீரை எடுத்துகினு வருவியா?"

"ச்சே ச்சே. உனக்குத்தான் சேரலியே. நான் இன்னாத்துக்கு கீரை எடுத்தாறேன்?" செல்லம்மாவின் கை உதயாவின் முதுகுக்குப் பின்னால் போய்ப் பிலோமியைக் கிள்ளியது.

ஆட்டோ கல்மண்டபத்துச் சந்தில் திரும்பியது. காலையில் விழுந்த முருங்கைக்கீரைக் கட்டு வாசலில் இல்லை. ரெஜினாவின் ஆடு, வாய் நிறைய இலையோடு, பிலோமியைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கி அவசரமாக மென்றது. பல நாள் பசி அதற்கு.

உதயா அந்த ஆட்டையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அத்தே, நேத்து கட்லெட்டுக்குள்ள பச்சையா பொடிப்பொடியா ஏதோ இருந்துச்சே. இன்னா அது?"

"கொத்தமல்லி" என்றாள் பிலோமி.

"கொத்தமல்லிதான்" என்றாள் செல்லம்மா, அதே நொடியில்.

உதயா ஆட்டோவிலிருந்து இறங்கவில்லை. இந்த இரண்டு பேரும் ஒரே பதிலை ஒரே நேரத்தில் சொல்லி அவள் இதுவரை கேட்டதில்லை. அதிலும், கட்லெட்டை அம்மா கண்ணால்கூடப் பார்த்தது கிடையாது.